மாமா ‘கட்’ சொல்லவில்லை

என் வாழ்க்கையில் நான் நடித்தது ஒரேயொரு படம். அதில் எனக்கு மாட்டு வேடம். இதைச் சொன்னதும் பள்ளிக்கூட நாடகத்தில் மரமாக நின்றவர்களோடு என்னையும் சேர்த்துச் சிரித்துவிடுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் மூலையில் நின்று புல் மேய்ந்த மாடல்ல. கதையே அந்த மாட்டைப் பற்றியதுதான். அது களவு போகாவிட்டால் மாமாவின் படத்தில் ஒருவருக்கும் ஒரு வேலையும் இருந்திருக்காது.

மாமா என்றால் அம்மாவின் தமையன். பல வருடம் பிரான்ஸில் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து, ஃபாரஸ்ட் கேட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் குடியிருந்தார். மரக்கறிக் கடைகளுக்கு வான் ஓடுவது அவருடைய தொழில். கவ்போய் படம் பார்ப்பது பக்தி. ரிவியில் தொப்பி போட்ட ஒருவன் குதிரையை விட்டு இறங்கினால் போதும், மாமா கையிலிருக்கும் தேத்தண்ணியை ஆறவிட்டுவிடுவார். அந்த வருடம் எங்கள் பங்குக் கோயிலின் கிறிஸ்துமஸ் ஒளிவிழாவுக்கு, வழக்கமான பெத்லகேம் நாடகத்துக்குப் பதிலாகத் தானே ஒரு கவ்போய் படம் எடுத்துத் தரப்போவதாக அறிவித்தார். கதை சுருக்கமானது. டெக்சாஸில் ஒரு நல்ல குடும்பம், அவர்களுடைய நல்ல மாடுகள், அவற்றைக் களவெடுக்க வரும் ஒரு கெட்ட மனிதன்.

பங்குச் சுவாமி தலையைச் சொறிந்தார். நத்தாருக்கும் துவக்குச் சண்டைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். மாமா விடுவாரா? மாட்டுக்கொட்டிலில்தானே சுவாமி எல்லாமே தொடங்கினது என்றார். கடைசியில் சுவாமி ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். பத்துக் கட்டளைகளில் களவைப் பற்றியும் ஒன்று இருக்கிறது, ஆகவே கள்ளன் கட்டாயம் பிடிபட வேண்டும். சின்னப் பிள்ளைகள் பார்க்கிற படம். மாமா நெஞ்சில் கைவைத்துச் சத்தியம் செய்தார். பக்கத்தில் நின்ற நான் அந்தச் சத்தியத்துக்குச் சாட்சி.

மாமாவிடம் இருந்தது ஒரு சின்னக் கமராவும் பெரிய ஆசையும்தான். குதிரைக்கு எங்கே போவது? எல்லாரும் சைக்கிளில் வருவார்கள், இடுப்புக்கு மேலே மட்டும் படம் பிடித்தால் போதும் என்று முடிவு செய்தார். சைக்கிளின் ஒரு கம்பி தெரிந்தாலும் திரும்ப எடுக்க வேண்டும். அது அவருடைய சட்டம். மாடுகளுக்குப் பிரச்சினை இருக்கவில்லை. பெத்லகேம் நாடகத்துக்கென்று கோயில் மண்டபத்து அலுமாரியில் மண்ணிறப் போர்வைகளும் மட்டையில் வெட்டிய கொம்புகளும் இருந்தன. வருடாவருடம் பாலன் யேசுவுக்கு மூச்சுவிட்டுச் சூடு கொடுத்த மாடுகள் அப்படியே டெக்சாஸுக்கு வேலை மாறின. துவக்குகள் பச்சையும் செம்மஞ்சளுமான விளையாட்டுத் துவக்குகள். அவற்றைப் பார்த்தால் சனம் சிரிக்கும் என்று மாமா இரவிரவாக இருந்து சப்பாத்துப் பொலிஷ் பூசிக் கறுப்பாக்கினார். அந்தப் பொலிஷ்தான் எங்களுக்கு வினையாகப் போகிறது என்று அவருக்குத் தெரியாது.

ஷெரிப் வேடம் அப்பாவுக்கு. அப்பா நன்றாக நடிப்பார் என்பதற்காக அல்ல. அவர் ஒரு கடையில் செக்கியூரிட்டி வேலை பார்த்தார், வீட்டில் நீலச் சட்டை இருந்தது. பால்மா தகரத்தில் நட்சத்திரம் வெட்டி மாமா அந்தச் சட்டையில் குத்திவிட்டார். கள்ளன் வேடம் சித்தப்பாவுக்கு.

சித்தப்பா அப்பாவின் தம்பி. எங்கள் வீட்டுச் சின்ன அறையில், அரிசி மூட்டைக்கும் அயர்ன் பண்ணும் மேசைக்கும் நடுவில் கட்டில் போட்டுப் படுப்பார். அவருக்கு விசா இல்லை. பக்கத்து வீட்டு மாமிக்குச் சீனி வருத்தம் இருந்தது, சித்தப்பாவுக்கு விசா இல்லை. நான் அதை இப்படித்தான் விளங்கி வைத்திருந்தேன். மாமியைப் போலவே சித்தப்பாவுக்கும் பத்தியம் இருந்தது. கதவு தட்டினால் அவர் திறக்கக் கூடாது, சத்தமாகச் சிரிக்கக் கூடாது. யாராவது வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் நான் அம்மா, அப்பா, நான் என்று சொல்ல வேண்டும். சாப்பிடும்போது கதைக்காதே என்பதுபோல அதையும் ஒரு நல்ல பழக்கம் என்றே நினைத்தேன். அவருடைய அகதி வழக்கு அந்தக் கோடையில் கடைசியாகவும் தோற்றுப்போயிருந்தது. பிடிபட்டால் பிளேனில் ஏற்றிவிடுவார்கள் என்று அம்மா ரெலிபோனில் அழுதுகொண்டு சொன்னது எனக்குக் கேட்டது. எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் அதுவரை பிளேனில் ஏறியதில்லை.

கொழும்பில் போய் இறங்கினால் அவருக்கு என்ன ஆகும் என்பதை மட்டும் எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அதனால் சித்தப்பா நடிப்பதை அம்மா அடியோடு மறுத்தார். மாமா பொறுமையாக விளங்கப்படுத்தினார். கவ்போய் படத்துக் கள்ளன் கண்ணுக்குக் கீழே முகத்தைத் துணியால் கட்டியிருப்பான், பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. அம்மா அசையவில்லை. பிறகு சித்தப்பாதான் சொன்னார். “முகத்தை மூடிக்கொண்டெண்டாலும் ஒரு நாள் வெளியில வெயில்ல நிக்கலாம் எல்லோ அண்ணி.” அம்மா எழுந்து உள்ளே போனார். தன்னுடைய சிவப்புக் கைக்குட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஒத்திகை கோயில் மண்டபத்தில் நடந்தது. மாமா “மாடுகள், கத்துங்கோ” என்றதும் போர்வைக்குள் இருந்த எல்லாப் பிள்ளைகளும் “மூ” என்றார்கள். மாமாவுக்கு வந்ததே கோபம்.

“என்ன மூ? மூக்குச் சிந்துறியளோ? மாடு அம்மா எண்டெல்லோ கத்தும்!”

ஒரு பொடியன் போர்வையை விலக்கி, இது அமெரிக்க மாடுதானே அங்கிள் என்று ஆங்கிலத்தில் கேட்டான். நியாயமான கேள்வி. மாமா அசரவில்லை.

“என்ரை படத்தில எல்லா மாடும் தமிழ் மாடு. இன்னொண்டும் கேளுங்கோ. மாடு கதைக்கப்படாது. மழை பெய்தாலும் இடி விழுந்தாலும், நான் ‘கட்’ எண்டு சொல்லுமட்டும் மாடு மாடாத்தான் இருக்க வேணும். விளங்கிச்சோ?”

விளங்கியது. ஆனால் அந்தச் சத்தம்தான் யாருக்கும் சரியாக வரவில்லை. லண்டனில் பிறந்த நாங்கள் “அம்மா” என்றால் கடையில் இனிப்புக் கேட்பதுபோல இருந்தது. அப்போது மண்டபத்துக் குசினிக்குள்ளிருந்து உண்மையான மாடு ஒன்று கத்தியது. எல்லாரும் திடுக்கிட்டுத் திரும்பினோம். கோப்பை கழுவிக்கொண்டு நின்ற சித்தப்பா வெட்கப்பட்டுச் சிரித்தார். மூக்கால் தொடங்கி, வயிற்றுக்குள் போய், வாயைத் திறக்கும்போது மெல்ல உடைகிற சத்தம் அது. நான் ஒரு வாரம் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு பழகினேன். சித்தப்பா வெளியில் நின்று கேட்டுவிட்டு, “இப்ப பரவாயில்லை, ஆனா பசி காணாது” என்பார். பசியையும் சேர்த்துக் கத்தினேன். முதல் மாடு என்ற பதவி எனக்குக் கிடைத்தது. அன்றிலிருந்து அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாடே என்றுதான்.

படம் பிடித்தது வான்ஸ்டெட் புல்வெளியில். எங்கள் தெருவின் முடிவில் திடீரென்று வீடுகள் நின்றுபோய்ப் பெரிய வெளி தொடங்கும். முள்ளுப்பற்றைகள், காய்ந்த புல், தூரத்தில் மாடிக் கட்டடங்கள். முன்வீட்டு வெள்ளைக்காரக் கிழவர், அந்தக் காலத்தில் இங்கே உண்மையான மாடுகள் திரிந்து தன் வீட்டு ரோசாச் செடியையே தின்றுவிட்டுப் போனதாகச் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து மாமா அந்த வெளியை டெக்சாஸ் என்றே சொல்லத் தொடங்கிவிட்டார். ஒரு பக்கம் உதைபந்தாட்டக் கோல் கம்பங்கள், தலைக்கு மேலே தாழப் பறக்கும் பிளேன்கள். “மேலையும் பாக்கப்படாது, இடப்பக்கமும் பாக்கப்படாது, மற்றப்படி டெக்சாஸ்தான்” என்றார்.

இலையுதிர்காலத்து ஒரு சனிக்கிழமை. நல்ல வெயில். அம்மா றோல்ஸும் கட்லட்டும் பொரித்துக்கொண்டுவந்து றோட்டோரம் காருக்குள் இருந்தார். மாமா கமராவை முக்காலியில் நிறுத்தினார். எடுக்கவேண்டியது கடைசிக் காட்சி. கள்ளன் முதல் மாட்டின் கயிற்றை அவிழ்க்கிறான், இழுத்துக்கொண்டு போகிறான், ஷெரிப் துரத்திப் பிடித்துக் கையைக் கட்டுகிறார், படம் முற்றும். கள்ளனின் குதிரை முள்ளுப்பற்றைக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தது. அது சித்தப்பா விடியப்புறத்தில் பேக்கரி வேலைக்குப் போகும் சைக்கிள்.

“அக்‌ஷன்!” என்றார் மாமா.

சித்தப்பா பதுங்கிப் பதுங்கி வந்தார். சிவப்புத் துணிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. என் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தார். நான் தலையை ஆட்டி, முன்காலால் நிலத்தைக் கிளறினேன். அது நானே கண்டுபிடித்த நடிப்பு, மாமா சொல்லித் தந்ததல்ல. கயிற்றைப் பிடித்திருந்த சித்தப்பாவின் கை அப்படியே நின்றுவிட்டது. அவர் றோட்டுப் பக்கம் பார்த்தார். அங்கே பொலிஸ் கார் ஒன்று நின்றது. ஒரு பொலிஸ்காரரும் ஒரு பொலிஸ்காரியும் புல்லுக்குள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.

நாயோடு உலாவ வந்த யாரோ பொலிஸைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர்களில் பிழை சொல்ல முடியாது. முகத்தை மூடிய ஒருவன், கறுப்புத் துவக்குகள், போர்வையால் மூடிக் கயிற்றில் கட்டிய சின்னப் பிள்ளைகள். யாராக இருந்தாலும் பயப்படத்தான் செய்வார்கள்.

சித்தப்பா குனிந்து என் போர்வையைச் சரிசெய்தார். “நில்லு மாடே. வாறன்” என்றார். கயிற்றைப் புல்லில் மெதுவாக வைத்தார். பற்றைக்குப் பின்னால் போய்ச் சைக்கிளைத் தூக்கினார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கதையில் அப்படி இல்லை! அவர் என்னையும் இழுத்துக்கொண்டு போக வேண்டும். மாட்டை விட்டுவிட்டு ஓடுகிற மாட்டுக்கள்ளன் உலகத்தில் எங்கேயாவது உண்டா? ஆனால் வாறன் என்று சொன்னாரே, வருவார்தானே என்று பொறுத்துக்கொண்டேன். எங்கள் ஆட்கள் போகும்போதும் வாறன் என்றுதான் சொல்வார்கள் என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை.

மாமா கமராவை அப்படியே விட்டுவிட்டுப் பொலிஸை நோக்கி ஓடினார். அது தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. பொலிஸ்காரர் முதலில் துவக்குகளைக் கீழே போடச் சொன்னார். அப்பாவும் நல்ல குடும்பமாக நடித்தவர்களும் போட்டார்கள். பிறகு தூரத்தில் போகும் சைக்கிளைக் காட்டி, அந்த ஆள் யார் என்று கேட்டார். பதற்றத்தில் மாமாவின் ஆங்கிலத்துக்குள் பிரெஞ்சு புகுந்துவிட்டது. கடைசியில் அவர் வாயில் வந்தது ஒரே வசனம். “அவன் கள்ளன், சேர்.”

“படத்தில! படத்தில!” என்று அப்பா தமிழில் கத்தினார். நெஞ்சில் தகர நட்சத்திரத்தோடு, உண்மையான பொலிஸுக்கு முன்னால், கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.  எவ்வளவு நன்றாக நடிக்கிறார் என்று வியந்தேன்.

பெரியவர்களிடம் உருப்படியான பதில் வராது என்று நினைத்தோ என்னவோ, பொலிஸ்காரி நேரே என்னிடம் வந்தார். முழங்காலிட்டு, என் முகத்தில் விழுந்திருந்த போர்வையை விலக்கினார். நல்ல முகம், பொன்னிறத் தலைமயிர். மெதுவாகக் கேட்டார். பயப்படாதே செல்லம், சைக்கிளில் போன அந்த ஆளை உனக்குத் தெரியுமா? அவர் உங்கள் வீட்டிலா இருக்கிறார்?

எனக்குப் பதில் தெரியும். ஓம், என் சித்தப்பா, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் படுப்பவர், இப்ப வாறன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்ற வீட்டுப் பழக்கம் அந்த நேரம் எனக்கு நினைவிலேயே இல்லை. நினைவில் இருந்தது ஒன்றுதான். மாமா இன்னும் ‘கட்’ சொல்லவில்லை.

நான் அவருடைய கண்ணைப் பார்த்து, மூக்கால் தொடங்கி, வயிற்றுக்குள் போய், பசியையும் சேர்த்துக் கத்தினேன்.

“ம்... மா...”

பொலிஸ்காரியின் முகம் மாறிவிட்டது. உன் பெயரையாவது சொல்லு என்றார்.

“அம்...மா...”

இங்கிலாந்து மாடு அப்படிக் கத்தாது. அந்த மனுசிக்குக் கேட்டது தாயைக் கேட்டு அழும் ஒரு பிள்ளையின் குரல். அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. என்னை அணைத்துப் பிடித்துக்கொண்டு, இந்தப் பிள்ளையின் தாய் எங்கே என்று ஆண்களைப் பார்த்துச் சத்தம் போட்டார். அம்மா றோட்டிலிருந்து விழுந்தடித்து ஓடிவந்தார். ஓடிப்போனவனை மறந்து எல்லாரும் என்னைச் சமாதானப்படுத்துவதில் இறங்கினார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்து, இது சேர்ச் படம் என்று அழகான லண்டன் ஆங்கிலத்தில் சொன்னார்கள். பொலிஸ்காரர் சிரித்தேவிட்டார். விளையாட்டுத் துவக்குக்குக் கறுப்புப் பூச வேண்டாம், பிள்ளைகளைப் பயப்படுத்த வேண்டாம் என்று புத்தி சொல்லி, அப்பாவின் நட்சத்திரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். தூரத்தில் சைக்கிள் இல்லை. வெறும் முள்ளுப்பற்றைதான் இருந்தது.

காருக்குள் ஏறிய பிறகும் நான் போர்வையைக் கழற்றவில்லை. மாமா ஸ்ரியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு இருந்தார். அம்மா என்னை இறுக்கிக் கட்டிப்பிடித்து, “என்ரை கெட்டிக்காரி, என்ரை கெட்டிக்காரி” என்று கொம்பிலும் கன்னத்திலும் கொஞ்சினார். அன்றைக்கு எனக்கு இரண்டு ஐஸ்கிறீம். அப்பா தன் பங்குக் கட்லட்டையும் என் தட்டில் வைத்தார். என்னைப்போல மாடு இனிமேல் பிறந்துதான் வரவேண்டும் என்று மாமா வந்தவர் போனவர் எல்லாரிடமும் சொன்னார். கலைஞர்களை மதிக்கத் தெரிந்த குடும்பத்தில் பிறந்திருக்கிறேன் என்று பெருமைப்பட்டேன்.

சித்தப்பா வரவில்லை. எங்களுக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில், தூரத்து ஊரொன்றில் வேலையாக இருக்கிறார் என்றார்கள். பொலிஸ் திரும்பவும் வந்து கதவைத் தட்டக்கூடும் என்று பெரியவர்கள் பயந்திருக்கிறார்கள். அந்தச் சின்ன அறையைக் கழுவி, சுவருக்கு ரோசாநிறம் பூசி, எனக்குக் கொடுத்தார்கள். அதற்கும் நான் சந்தோசப்பட்டேன். அவருக்கு விசா கிடைத்தபோது நான் யூனிவர்சிட்டிக்குப் போய்விட்டிருந்தேன். நடுவில் எப்போதாவது ரெலிபோன் எடுப்பார். ஒருமுறை அம்மாவிடமிருந்து ரெலிபோனைப் பறித்து, கடைசிக் காட்சி இன்னும் பாக்கியிருக்கிறது, எப்போது வந்து பிடிபடப்போகிறீர்கள் என்று கேட்டேன்.  மறுமுனையில் மெதுவாக ஒரு மாடு கத்தியது.

படம் பிடித்த அந்த வருடமே, நத்தாருக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ஒளிவிழா நடந்தது. மண்டபம் நிறைந்த சனம். நான் முதல் வரிசையில், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில். படம் ஓடியது. மாமாவின் சட்டப்படி ஒரு சைக்கிள் கம்பிகூடத் தெரியவில்லை. எல்லாரும் சிரித்தார்கள், விசிலடித்தார்கள். கடைசிக் காட்சி வந்தது. கள்ளன் கயிற்றை அவிழ்த்தான். நிமிர்ந்து பார்த்தான். கயிற்றைப் புல்லில் வைத்தான். பிறகு யாரும் பிடிக்காமல் நின்ற கமரா தானாகப் பிடித்த படம். முன்னால் நான், போர்வையும் கொம்புமாக. என் பக்கத்தில் முழங்காலில் இருக்கும் ஒருவரின் கறுப்புச் சப்பாத்து மட்டும். அவர் பேசியதை மாமா மேளச் சத்தத்தால் மூடியிருந்தார். எனக்குப் பின்னால், தூரத்தில், சிவப்புத் துணி கட்டிய ஒருவன் சைக்கிளில் மிதித்து மிதித்துப் போகிறான். சின்னதாகிறான். இன்னும் சின்னதாகிறான். மேளம் நின்றது. மண்டபம் முழுக்கக் கேட்கும்படி நான் “ம்... மா...” என்று கத்தினேன். அந்தப் புள்ளி பற்றைக்குள் மறைந்தது. முற்றும் என்று எழுத்து வந்தது.

 கைதட்டினார்களே, மண்டபக் கூரை பறந்துவிடும்போல. எனக்குத்தான் என்று எழும்பி நின்று கும்பிட்டேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. வெறும் திரையைப் பார்த்துக் கைதட்டினார்கள். சில பெண்கள் அழுதார்கள். அப்போதுதான் எனக்கு விசயம் பிடிபட்டது. கள்ளன் தப்பிவிட்டான்! அதற்கா கைதட்டுகிறார்கள்?

“சைக்கிள் தெரிஞ்சது!” என்று கத்தினேன். “கள்ளனைப் பிடிக்கேல்லை!” சத்தியம் வாங்கிய சுவாமியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். சுவாமியே இப்படியென்றால் நான் யாரிடம் போய் நியாயம் கேட்பது?

அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். “நீங்கள்தானே ஷெரிப்! நீங்கள் எல்லோ பிடிச்சிருக்க வேணும்!”

“ஓம் பிள்ளை” என்றார் அப்பா. “பிடிக்கேலாமப் போச்சு.”

சொல்லிவிட்டு என் கையை விலக்கி மறுபடியும் கைதட்டத் தொடங்கினார். எல்லாரும் நிறுத்தி, விளக்குகளும் போட்ட பிறகும் அவர் நிறுத்தவில்லை. அவருடைய முகம் முழுக்கக் கண்ணீர். எனக்குக் கொஞ்சம் மனம் இளகியது. கள்ளனைக் கோட்டைவிட்ட ஷெரிப், வெட்கத்தில் அழட்டும் என்று விட்டுவிட்டேன்.